பொரியல் நீர்விடுகிறதா, சாம்பார் ஊசுகிறதா? வீட்டுச் சமையலில் காரணம் கண்டு திருத்தும் வழிகள்

கேட்டரிங் கல்லூரியில் சேர்ந்தவுடன் பிரியாணி கற்றுத் தருவார்கள் என்று நினைத்து வரும் மாணவர்களின் கையில் முதலில் வந்து சேர்வது ஒரு கத்தி, ஒரு பலகை, ஒரு கூடை வெங்காயம். பலகையை நகராமல் வைப்பது, விரல்களை மடக்கிப் பிடிப்பது, காய்களை ஒரே அளவில் நறுக்குவது, டப்பாவில் தேதி எழுதி ஒட்டுவது, வேலை முடிந்த இடத்தை உடனே துடைப்பது என்று பயிற்சி பழக்கங்களாகவே நகரும். செய்முறைகள் அதற்குப் பிறகுதான். ஒரு பண்டம் சரியாக வராவிட்டால், பயிற்சி தருபவர் மசாலா அளவைக் கேட்பதற்கு முன்பு வாணலியின் அகலத்தையும் காயின் ஈரத்தையும் கத்தியின் கூர்மையையும் பார்ப்பார். தட்டில் தெரியும் குறை பெரும்பாலும் அடுப்பைப் பற்றவைப்பதற்கு முன்பே பிறந்துவிடுகிறது.

வீடுகளில் நாம் இதற்கு நேர்மாறாக நடந்துகொள்கிறோம். பொரியல் சரியில்லை என்றால் பொடியை மாற்றுகிறோம். வடை எண்ணெய் குடித்தால் உளுந்தைக் குறை சொல்கிறோம். செய்முறையில் கை வைப்பதற்கு முன் பழக்கத்தைச் சரிபார்க்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். உங்கள் வீட்டில் தென்படும் குறை எதுவோ, அந்தத் தலைப்புக்கு நேரே போய்விடலாம். ஒரு சமயத்தில் ஒரே ஒரு மாற்றத்தை மட்டும் செய்து பாருங்கள். நான்கைச் சேர்த்துச் செய்தால் எது பலன் தந்தது என்று தெரியாமல் போய்விடும்.

பொரியல் வதங்காமல் நீர்விட்டு வேகிறது, வெண்டைக்காய் கொழகொழக்கிறது

முதலில் காதைக் கொடுத்துக் கேளுங்கள். காயைப் போட்டதும் சடசடவென்று சத்தம் எழுந்து அது அப்படியே நீடித்தால், வெளிவரும் ஈரம் உடனுக்குடன் ஆவியாகிறது என்று பொருள். சத்தம் அடங்கி, அடியில் களகளவென்று கொதிக்கும் ஒலி வந்தால், காய் தன் நீரிலேயே வேகத் தொடங்கிவிட்டது. வாணலியில் நீர் நிற்கும்வரை அங்கே சூடு 100 டிகிரி செல்சியஸைத் தாண்டாது. காய் சிவந்து வறுபட்ட மணம் வருவதற்கோ ஏறக்குறைய 140 டிகிரி வேண்டும். இந்த இடைவெளியைத் தாண்டவிடாமல் தடுப்பது நீர்தான். அந்த நீர் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம்.

காயின் மேல் இருந்த ஈரத்தை முதலில் சந்தேகப்படுங்கள். வெண்டைக்காயை நறுக்கிய பிறகு கழுவினால் எந்தச் செய்முறையும் காப்பாற்றாது. முழுக் காயாகக் கழுவி, துணியால் ஒவ்வொன்றாகத் துடைத்து, பரப்பி உலரவிட்டு, உலர்ந்த பலகையில் உலர்ந்த கத்தியால் நறுக்க வேண்டும். அதன் பசை நீர் பட்டால் பெருகும் இயல்புடையது. உருளைக்கிழங்கும் அப்படித்தான்: நறுக்கித் தண்ணீரில் போட்டு வைத்திருந்தால், வாணலிக்குப் போகும் முன் துணியில் ஒற்றி எடுங்கள்.

அடுத்தது நெரிசல். கால் கிலோ காய் கொள்ளும் வாணலியில் அரை கிலோவைக் கொட்டுவதுதான் வீட்டுச் சமையலில் நான் அடிக்கடி பார்க்கும் குறை. ஓட்டல் அடுப்பின் தீ வேறு. நம் வீட்டு கேஸ் அடுப்பின் தீ வேறு. அத்தனை காயும் ஒன்றாக விழுந்ததும் வாணலியின் சூடு சட்டென்று இறங்கிவிடும். மேலடுக்கில் உள்ள காய் கீழடுக்கின் ஆவியை வெளியேற விடாமல் அடைத்துக்கொள்ளும். காய் ஒரே அடுக்காகப் பரவ வேண்டும். பரவாது என்று தெரிந்தால் இரண்டு தடவையாக வதக்குங்கள். நேரம் கூடும் என்று தயங்க வேண்டாம். நீர் வற்றுவதற்காகக் காத்திருக்கும் நேரத்தைவிட அது குறைவாகவே இருக்கும்.

மூன்றாவது உப்பும் மூடியும். உப்பு காயிலிருந்து நீரை வெளியே இழுக்கும். கோஸ், பீன்ஸ் போன்றவற்றுக்கு இது நல்லதே; முதலிலேயே உப்பு போட்டு, மூடி வைத்து, அந்த நீரிலேயே வேகவிடலாம். வெண்டைக்காய், கத்தரிக்காய், சேப்பங்கிழங்கு வறுவலுக்கு மூடியே வேண்டாம். உப்பு கடைசி ஐந்து நிமிடத்தில் போதும். வெண்டைக்காயில் ஒரு கரண்டி புளித்தண்ணீரோ தயிரோ விடுவது நம் வீடுகளில் பழைய வழக்கம். புளிப்பு பசையைத் தளர்த்தும் என்பதால் அது சரியான வழக்கம்தான். ஆனால் ஈரத்தைத் துடைத்தவர்களுக்கு அது பெரும்பாலும் தேவைப்படாது.

ஏற்கெனவே நீர்விட்டுவிட்டதா? கிளறுவதை நிறுத்துங்கள். காயை அகலமான தோசைக்கல்லுக்கு மாற்றிப் பரப்பி, தீயைக் கூட்டி, ஒரு பக்கம் சிவக்கும்வரை கை வைக்காமல் விடுங்கள். காளானுக்கும் கோழி வறுவலுக்கும் இதே விதிதான்.

ஒரே வாணலியில் பாதி குழைந்துவிட்டது, பாதி வேகவில்லை

வெந்ததையும் வேகாததையும் ஒவ்வொன்று எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பெரும்பாலும் அளவு வேறுபடும். தொழில்முறைச் சமையலறையில் துண்டுகளின் அளவுக்கு ஒழுங்கு உண்டு: மிகச் சிறியது 3 மில்லிமீட்டர், அடுத்தது 6 மில்லிமீட்டர், அதற்கு மேல் ஏறக்குறைய 12 மில்லிமீட்டர். வீட்டில் அளவுகோல் வைத்து நறுக்க வேண்டியதில்லை. ஒரே கூட்டுக்குள் எல்லாத் துண்டும் ஒரே தடிமனாக இருந்தால் போதும். சூடு வெளியிலிருந்து நடுப்பகுதிக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதால், தடிமன் இரண்டு மடங்கானால் வேகும் நேரம் இரண்டு மடங்கோடு நிற்பதில்லை. நான்கு மடங்கை நெருங்கிவிடும். கண்ணுக்குச் சின்னதாகத் தெரியும் வித்தியாசம் வாயில் பெரிதாகத் தெரிவது இதனால்தான்.

அளவு சரியாக இருந்தும் இப்படி நடந்தால், வரிசையைப் பாருங்கள். அவியலில் சேனையும் வாழைக்காயும் முதலில், பீன்ஸும் கேரட்டும் அடுத்து, வெள்ளரியும் பூசணியும் கடைசியில். புளிக்குழம்பில் இன்னொரு சங்கதி இருக்கிறது. காய் பாதி வேகும் முன்பே புளி விட்டால், காயின் செல்சுவரைப் பிணைத்து வைத்திருக்கும் பெக்டின் புளிப்பில் எளிதில் கரையாது. காய் எவ்வளவு நேரம் கொதித்தாலும் கடுக்கென்றே இருக்கும். காய் முக்கால் பதம் வெந்த பிறகு புளி. உருளைக்கிழங்கையும் சேப்பங்கிழங்கையும் குழம்பில் போடுவதற்கு முன் தனியாக வேகவைத்துக்கொள்வது இன்னும் நல்லது.

தக்காளி நசுங்குகிறது, வெங்காயம் கண்ணைக் கரிக்கிறது, விரல் வெட்டுப்படுகிறது

மூன்றுக்கும் மூலம் ஒன்றே: மழுங்கிய கத்தி. கூர்மையான கத்திதான் ஆபத்து என்று வீடுகளில் நினைக்கிறார்கள். உண்மையில் மழுங்கிய கத்திக்கு அழுத்தம் வேண்டும், அழுத்தும்போது வழுக்கும், வழுக்கினால் அது போகும் திசை நம் கையில் இல்லை. வெங்காயத்தின் செல்கள் எந்த அளவு நசுங்குகின்றனவோ, அந்த அளவு கண்ணைக் கரிக்கும் வாயு வெளிவரும். கூர்மையான கத்தி குறைவாக நசுக்குகிறது, கண்ணீரும் குறைகிறது.

கத்தியைச் சோதிக்க ஒரு தக்காளி போதும். அழுத்தாமல், கத்தியின் எடையை மட்டும் தோலின் மேல் வைத்து முன்னே நகர்த்துங்கள். தோல் பிளக்க வேண்டும். வழுக்கிப் போனால் சாணை தேவை. 1000 எண் கொண்ட சாணைக்கல்லை ஊறவைத்து, கத்தியை 15 முதல் 20 டிகிரி சாய்வில் பிடித்து, மறுபக்கத்து விளிம்பு முழுவதும் மெல்லிய பிசிறு எழும்வரை ஒரு பக்கத்தைத் தேய்த்து, பிறகு மறுபக்கம் தேயுங்கள். பிசிறைக் கண்ணால் பார்ப்பது கடினம். கட்டைவிரலை விளிம்பிலிருந்து வெளிப்பக்கமாக மெதுவாக இழுத்தால் சொரசொரவென்று தட்டுப்படும். கத்தியோடு வரும் நீண்ட இரும்புக் கோல் சாணைக்கு மாற்றல்ல. விளிம்பு வளைந்திருந்தால் நிமிர்த்த மட்டுமே அது உதவும்; வேலை தொடங்கும் முன் நாலைந்து இழுப்பு போதும்.

அடுத்து, பலகை நகர்கிறதா என்று பாருங்கள். நகர்ந்தால் அடியில் ஒரு துணியை நனைத்து, நன்றாகப் பிழிந்து விரியுங்கள். இரண்டு நொடி வேலை. பயிற்சிக் கூடங்களில் இந்தத் துணி இல்லாமல் யாரையும் நறுக்க விடமாட்டார்கள்.

பிடியும் முக்கியம். கைப்பிடியை மட்டும் பற்றினால் கத்தி பக்கவாட்டில் ஆடும். கட்டைவிரலும் ஆள்காட்டிவிரலும் கத்தியின் தகட்டை, அது கைப்பிடியோடு சேரும் இடத்தில் பிடிக்க வேண்டும். மற்ற மூன்று விரல்கள் கைப்பிடியில். காயைப் பிடிக்கும் கையில் விரல்நுனிகள் உள்நோக்கி மடங்கியிருக்க, கட்டைவிரல் அவற்றுக்குப் பின்னால் ஒளிந்திருக்க, கத்தியின் பக்கம் நடுவிரலின் முட்டியில் உரசியபடி நகர வேண்டும். முட்டி பின்வாங்கும் தூரம்தான் துண்டின் அளவு.

இதை வெங்காயத்தில் பழகுவது சுலபம். காம்புப் பக்கத்தை வெட்டிவிட்டு, வேர்ப் பக்கத்தை விட்டுவையுங்கள். வேரின் நடுவே இரண்டாகப் பிளந்து, தோலை உரித்து, தட்டையான பக்கம் பலகையில் படும்படி வையுங்கள். கத்தியின் நுனி வேரை நோக்கியபடி நெடுக்காகக் கோடுகள் போடுங்கள்; வேரைத் தொடாமல் ஒரு விரல்கடை முன்பே நிறுத்துங்கள். பிறகு குறுக்காக வெட்டிக்கொண்டே வந்தால் சதுரத் துண்டுகள் தாமாக உதிரும். அடுக்குகளை இறுதிவரை பிடித்து வைத்திருப்பது அந்த வேர்தான். அதை முதலில் வெட்டி எறிபவர்களுக்கு வெங்காயம் கையில் நழுவிக்கொண்டே இருக்கும்.

அரிவாள்மனையில் பழகியவர்கள் அதைக் கைவிட வேண்டியதில்லை. வாய் அசையாமல் நிற்கிறது, இரண்டு கைகளும் காயைப் பிடிக்கின்றன. மீன் நறுக்கவும் பலாச்சுளை எடுக்கவும் அதற்கு ஈடு இல்லை. கூர்மை விதி அதற்கும் பொருந்தும். வேலை முடிந்ததும் வாயை மடக்கியோ சுவர்ப் பக்கம் திருப்பியோ வைக்கும் பழக்கத்தை விட்டுவிடக் கூடாது. கத்தியாக இருந்தால், நுரை நிறைந்த தொட்டிக்குள் ஒருபோதும் போடாதீர்கள். அடுத்து கை விடுபவருக்கு அது உள்ளே கிடப்பது தெரியாது.

பருப்பு எத்தனை விசில் விட்டாலும் வேகவில்லை

புளியோ தக்காளியோ சேர்த்து வேகவைத்தீர்களா? அதுதான் காரணம். அப்படி இல்லை என்றால் தண்ணீரைப் பாருங்கள். ஆழ்துளைக் கிணற்று நீரில் உள்ள கால்சியமும் மெக்னீசியமும் பருப்பை இறுக்கிவிடும். அதே பருப்பை ஒரு நாள் குடிநீரில் வேகவைத்தால் வித்தியாசம் தெரிந்துவிடும். இரண்டு தண்ணீரிலும் வேகவில்லை என்றால் பருப்பு பழையது; அரை மணி நேரம் வெந்நீரில் ஊறவைத்துப் பாருங்கள். சமையல் சோடா போடுவதை நான் பரிந்துரைப்பதில்லை. பருப்பு வேகும், ஆனால் தயமின் என்ற பி1 வைட்டமின் அழியும், சுவையிலும் சோப்பு வாடை தட்டும்.

மோர்க்குழம்பு திரிந்துபோகிறது

தயிரைக் கடையாமல் விட்டிருப்பீர்கள், அல்லது கொதிக்கவிட்டிருப்பீர்கள். ஊறவைத்த அரிசியையும் துவரம் பருப்பையும் தேங்காயோடு அரைத்துச் சேர்ப்பது கெட்டிப்படுத்துவதற்கு மட்டும் அல்ல. அந்த மாவுச்சத்து தயிரின் புரதம் ஒன்றோடொன்று ஒட்டித் திரளாமல் தடுக்கிறது. சிறு தீயில் வைத்து, நுரை கட்டி ஓரம் பொங்கி வரும்போது இறக்கிவிடுங்கள். தேங்காய்ப் பாலுக்கும் அவ்வளவுதான்: கடைசியில் விட்டு, கொதிக்கும் முன் இறக்க வேண்டும்.

வடை எண்ணெய் குடிக்கிறது

மாவைக் குறை சொல்வதற்கு முன் எண்ணெயின் சூட்டைப் பாருங்கள். பொரிப்பதற்கு 170 முதல் 180 டிகிரி வரை ஏற்றது. அந்தச் சூட்டில் மாவின் ஈரம் வேகமாக ஆவியாகி வெளியே தள்ளுகிறது. அந்தத் தள்ளல் இருக்கும்வரை எண்ணெய் அதிகம் உள்ளே நுழையாது. சூடு குறைந்தால் மேலோடு பிடிக்க நேரமாகும். அதற்குள் எண்ணெய் ஊறிவிடும். வெப்பமானி இல்லாவிட்டால் ஒரு துளி மாவைப் போடுங்கள். அடியில் போய் அங்கேயே கிடந்தால் சூடு போதாது. தொட்டதும் கருகினால் அதிகம். மூழ்கி உடனே நுரையோடு மேலே எழுந்தால் சரி.

முதல் ஈடு நன்றாக வந்து இரண்டாவது ஈடு எண்ணெய் குடித்தால், எடுத்தவுடன் அடுத்ததைப் போட்டிருப்பீர்கள். எண்ணெய் மறுபடி சூடேறக் கொஞ்சம் நேரம் கொடுங்கள். ஒரு ஈட்டில் போடும் எண்ணிக்கையையும் குறையுங்கள். மாவில் தண்ணீர் கூடினாலும் இதே குறை வரும். உளுந்தை அரைக்கும்போது குளிர்ந்த நீரைத் தெளித்துத் தெளித்து அரைத்தால் மாவு பொங்கி வரும், நீரும் அளவோடு நிற்கும். எடுத்த வடைகளை ஒன்றின் மேல் ஒன்றாகக் குவிக்காமல், துளையுள்ள தட்டில் செங்குத்தாகச் சாய்த்து வைத்தால் மேலே நிற்கும் எண்ணெய் வடிந்துவிடும்.

பொரித்த எண்ணெயை எத்தனை நாள் வைத்துக்கொள்ளலாம் என்று கேட்பவர்கள் உண்டு. உணவு வணிகர்களுக்கு இந்திய உணவுப் பாதுகாப்பு, தர நிர்ணய ஆணையம் வரம்பு வகுத்திருக்கிறது: எண்ணெய் சிதைவதால் உண்டாகும் முனைவுச் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அதைப் பயன்படுத்தக் கூடாது. வீட்டில் இதை அளக்க முடியாது. கண்ணையும் மூக்கையும் நம்ப வேண்டியதுதான். நிறம் கறுத்தால், வழக்கத்தைவிடச் சீக்கிரம் புகைந்தால், மேலே அடங்காத நுரை கட்டினால், விரலில் பிசுபிசுத்தால் கொட்டிவிடுங்கள். அதற்கு முன்பும், ஒவ்வொரு முறையும் ஆறியதும் வடிகட்டி வையுங்கள். அடியில் கிடக்கும் துணுக்குகள்தான் எண்ணெயைச் சீக்கிரம் கெடுக்கின்றன.

தாளிப்பு கசக்கிறது, மசாலா பச்சை வாடை அடிக்கிறது

கசப்பும் பச்சை வாடையும் எதிரெதிர்க் குறைகளாகத் தெரிந்தாலும், இரண்டும் ஒரே காரணத்தால் வருகின்றன: எண்ணெய் காய்ந்த பிறகு டப்பாவைத் தேடுவது. தேடும் நேரத்தில் கடுகும் வெந்தயமும் கருகுகின்றன; அந்தப் பயத்தில் அடுத்து விழும் பொடிகளுக்கு வதங்க நேரம் தருவதில்லை. பிரெஞ்சுச் சமையலறைகளில் 'மீஸ் ஆன் பிளாஸ்' என்பார்கள். அடுப்பைப் பற்றவைக்கும் முன் அந்தச் சமையலுக்கு வேண்டிய எல்லாவற்றையும் நறுக்கி, அளந்து, சேர்க்கும் வரிசையில் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொள்வது. நம் அஞ்சறைப் பெட்டி இதில் பாதியை ஏற்கெனவே செய்துவிடுகிறது. மீதிப் பாதியான வெங்காயம், தக்காளி, இஞ்சி பூண்டு விழுது, கறிவேப்பிலை, அளந்த பொடிகள் ஆகியவற்றைச் சிறு கிண்ணங்களில் வைத்துக்கொள்ளுங்கள்.

பொடிகள் நேரடியாகக் காய்ந்த எண்ணெயில் விழக் கூடாது. மிளகாய்த்தூள் கருகச் சில நொடிகளே போதும். வெங்காயமும் தக்காளியும் வதங்கிய ஈரத்தில் பொடியைச் சேர்த்து, அடி பிடிக்கும்போதெல்லாம் ஒரு கரண்டி தண்ணீர் தெளித்து வதக்குங்கள். ஓரத்தில் எண்ணெய் பிரிந்து, மூக்கைக் குத்தும் நெடி இனிய மணமாக மாறினால் பச்சை வாடை போய்விட்டது. தாளிப்பு கருகிவிட்டால் குழம்பில் கொட்ட வேண்டாம். ஒரு கரண்டி எண்ணெயும் ஒரு சிட்டிகைக் கடுகும் போனால் போகட்டும். ஒரு சட்டிக் குழம்பைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள்.

ஒரு நாள் உப்பு கரிக்கிறது, மறுநாள் சப்பென்று இருக்கிறது

கல் உப்பையும் தூள் உப்பையும் ஒரே கரண்டியால் அளக்கிறீர்களா என்று பாருங்கள். கல் உப்பின் இடையில் காற்று இருக்கும். அதே கரண்டியில் தூள் உப்பு எடை அதிகம். ஒரு வகையில் நிலைத்து நில்லுங்கள், அல்லது எடை பார்த்துப் போடுங்கள். அடுத்தது ருசி பார்க்கும் பழக்கம். நம் வீடுகளில் பூஜைக்கு முன் ருசி பார்க்காத வழக்கம் உண்டு. அந்த நாட்களுக்கு எடைதான் துணை. மற்ற நாட்களில், சமையலின் நடுவில் ஒரு முறை, இறக்கும் முன் ஒரு முறை, தனிக் கரண்டியில் எடுத்துக் கொஞ்சம் ஆறவைத்து ருசி பாருங்கள். கொதிக்கக் கொதிக்க நாக்கில் வைத்தால் உப்பு சரியாகத் தெரியாது. வற்றப்போகும் குழம்பில் முதலிலேயே முழு உப்பையும் போடுவதும் கூடாது. நீர் வற்றும், உப்பு வற்றாது.

உப்பு கூடிவிட்டால் உருளைக்கிழங்கு போட்டு எடுக்கச் சொல்வார்கள். கிழங்கு உப்பை மட்டும் தனியாக உறிஞ்சிக்கொள்வதில்லை; உப்புள்ள குழம்பைத்தான் கொஞ்சம் இழுத்துக்கொள்கிறது. மீதிக் குழம்பின் கரிப்பு அப்படியே இருக்கும். உப்பில்லாத வெந்த பருப்பு, தேங்காய் விழுது, தண்ணீர் என்று அளவைக் கூட்டுவதுதான் தீர்வு. சப்பென்று இருந்தால் உப்பு போடும் முன் ஒரு துளி எலுமிச்சைச் சாறு விட்டுப் பாருங்கள். பல சமயம் குறைந்திருப்பது புளிப்பாக இருக்கும்.

காலையில் வைத்த சாம்பார் மாலையில் ஊசிவிடுகிறது

இந்தக் குறையைத்தான் எல்லாவற்றையும்விடக் கவனமாகப் பார்க்க வேண்டும். மற்றவை ருசியைக் கெடுக்கும்; இது உடம்பைக் கெடுக்கும். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட சூட்டில் கிருமிகள் பெருகுகின்றன. சமைத்த உணவை அறைச் சூட்டில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நம் ஊர்க் கோடையில் சமையலறை 35 டிகிரிக்கு மேல் போவது சாதாரணம். காலை 8 மணிக்கு இறக்கி மேடையிலேயே வைத்த சாம்பார் மாலை 6 மணிவரை கிருமிகளுக்குப் பிடித்த சூட்டிலேயே கிடக்கிறது.

'நான் ஃபிரிட்ஜில் வைத்தேனே, அப்படியும் ஊசியது' என்பவர்கள் பாத்திரத்தைப் பாருங்கள். ஆழமான குக்கரில் நிறையச் சாம்பாரை அப்படியே உள்ளே வைத்தால், ஓரம் குளிர்ந்தாலும் நடுப்பகுதி பல மணி நேரம் வெதுவெதுப்பாகவே இருக்கும். தொழில்முறைச் சமையலறைகளில் இதற்குக் கால வரம்பு உண்டு: முதல் 2 மணி நேரத்துக்குள் 60 டிகிரியிலிருந்து 21 டிகிரிக்கும், அடுத்த 4 மணி நேரத்துக்குள் 5 டிகிரிக்கும் இறங்க வேண்டும். வீட்டில் இதைச் செய்வது கடினமல்ல. வாய் அகன்ற, ஆழமில்லாத இரண்டு மூன்று பாத்திரங்களில் பிரித்து ஊற்றுங்கள். தொட்டியில் குளிர்ந்த நீர் நிரப்பி, அதில் பாத்திரத்தை நிறுத்தி இடையிடையே கிளறுங்கள். ஆவி அடங்கியதும் மூடி உள்ளே வையுங்கள்.

அப்போதும் ஊசுகிறது என்றால் கரண்டியைப் பாருங்கள். உள்ளேயே விட்டு வைத்த கரண்டி, சாப்பிட்ட கை பட்ட கரண்டி, சோறு ஒட்டிய கரண்டி எல்லாமே குற்றவாளிகள். வேண்டியதை மட்டும் தனியே ஊற்றிச் சூடாக்குங்கள். முழுப் பாத்திரத்தையும் திரும்பத் திரும்பச் சூடாக்கி ஆறவைக்காதீர்கள். சூடாக்கும்போது நடுப்பகுதியும் கொதிக்க வேண்டும். தேங்காய் அரைத்து விட்டது சீக்கிரம் கெடும். அதை அன்றைக்கே முடிப்பது நல்லது.

சோற்றில் தனி ஆபத்து உண்டு. பேசிலஸ் சீரியஸ் என்ற நுண்ணுயிரியின் வித்துகள் சோறு கொதிக்கும் சூட்டையும் தாங்கி நிற்கும். அறைச் சூட்டில் அவை முளைத்து நச்சை உண்டாக்கும். வாந்தியை வரவழைக்கும் அந்த நச்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. ஆகவே எலுமிச்சைச் சாதத்துக்கோ ஃபிரைடு ரைஸுக்கோ ஆறவைக்கும் சோற்றைத் தட்டில் பரப்பி ஆற்றி, உடனே ஃபிரிட்ஜில் வையுங்கள். பழைய சோறு வேறு வகை; நீரூற்றி ஊறும்போது லாக்டிக் அமில நுண்ணுயிரிகள் பெருகிப் புளிப்பை ஏற்றுகின்றன. அதிலும் சுத்தமான பாத்திரமும் நல்ல நீரும் வேண்டும்; மறுநாள் காலையோடு முடித்துவிட வேண்டும்; வாடை மாறினாலோ நூல் விட்டாலோ கொட்ட வேண்டும்.

ஃபிரிட்ஜில் எது எப்போது வைத்தது என்று தெரியாமல் போவதற்குத் தீர்வு, காகித டேப்பும் பேனாவும். பெயர், தேதி, அவ்வளவுதான். முன்பு வைத்தது முன்னால், புதியது பின்னால். இந்த ஒரு பழக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்பவர்கள்கூட ஒரு மாதத்தில் எவ்வளவு உணவு வீணாகாமல் மிஞ்சுகிறது என்று கண்கூடாகப் பார்ப்பார்கள்.

கோழி சமைத்த நாளில் வயிற்றுக் கோளாறு

கோழி சரியாக வெந்திருந்தும் இப்படி நடக்கிறது என்றால், கிருமி வேறு வழியில் தட்டுக்கு வந்திருக்கிறது. பச்சைக் கோழியை நறுக்கிய பலகையிலேயே வெள்ளரிக்காயை நறுக்கினீர்களா? அதே துணியால் மேடையைத் துடைத்தீர்களா? குழாயின் அடியில் வைத்துக் கழுவினீர்களா? குழாய் நீர் வேகமாக விழும்போது கிருமிகள் துளிகளாகத் தெறித்து, பக்கத்தில் உள்ள பாத்திரங்களில் படிகின்றன. மஞ்சள் போட்டுக் கழுவியே ஆக வேண்டும் என்பவர்கள், பாத்திரத்தில் நீர் நிரப்பி அதற்குள் மெதுவாக அலசி, நீரைத் தொட்டியில் தாழ்வாக ஊற்றி, தொட்டியைச் சோப்பு போட்டுக் கழுவிவிடுங்கள்.

இறைச்சிக்கு ஒரு பலகை, காய்க்கு ஒரு பலகை என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது பலகை வாங்க முடியாவிட்டால், சாலட்டுக்கான காய்களை முதலில் நறுக்கி எடுத்து வைத்துவிட்டு, கடைசியில் கோழியைத் தொடுங்கள். ஃபிரிட்ஜில் பச்சை இறைச்சி எப்போதும் கீழ்த்தட்டில், மூடிய பாத்திரத்தில்; மேலே வைத்தால் அதன் நீர் சமைத்த உணவில் சொட்டும். உறைந்த கோழியை மேடையில் வைத்து உருக்காமல், முந்தைய இரவே கீழ்த்தட்டுக்கு இறக்கிவிடுங்கள். வேகும்போது தடித்த துண்டின் நடுப்பகுதி 70 டிகிரியைத் தாண்ட வேண்டும். எலும்பை ஒட்டிய இடத்தில் குத்தினால் வடியும் சாறு தெளிவாக இருக்க வேண்டும், இளஞ்சிவப்பு தெரியக் கூடாது.

சமையல் முடியும்போது மேடையில் கை வைக்க இடமில்லை

இடம் போதாததால் இப்படி ஆவதில்லை. குப்பைக்கு ஓர் இடம் இல்லாததால் ஆகிறது. நறுக்கத் தொடங்கும்போதே பலகையின் பக்கத்தில் ஒரு பெரிய கிண்ணம் வையுங்கள். தோல், காம்பு, பூண்டுச் சருகு எல்லாம் அதில் போகட்டும்; குப்பைக்கூடைக்குப் பத்து முறை நடப்பது மிச்சம். இரண்டு துணிகள் தேவை: கை துடைக்க ஒன்று, மேடை துடைக்க ஒன்று. இரண்டும் ஒருபோதும் இடம் மாறக் கூடாது. மாலையில் இரண்டையும் துவைத்து வெயில் படும் இடத்தில் காயப்போடுங்கள்.

பிறகு காத்திருக்கும் நேரங்களைக் கண்டுபிடியுங்கள். குக்கரில் ஆவி அடங்கும் பத்து நிமிடம், குழம்பு கொதிக்கும் கால் மணி நேரம், எண்ணெய் காயும் இரண்டு நிமிடம். மிக்ஸி ஜாடியில் ஒட்டிய தேங்காய் காயும் முன் அதைக் கழுவிவிடலாம். பலகையையும் கத்தியையும் கழுவித் துடைத்துச் சாய்த்து வைக்கலாம். வேலை முடிந்த டப்பாக்களை அலமாரிக்குத் திருப்பி அனுப்பலாம். இப்படிச் செய்தும் பாத்திரங்கள் குவிந்தால், ஒரே வேளைக்கு அடுப்பில் எத்தனை பண்டங்கள் ஏற்றுகிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். இரண்டு பர்னர் அடுப்பில் ஒரே நேரத்தில் நான்கைக் கவனிக்க முயன்றால் ஏதாவது ஒன்று அடிபிடிக்கும். ஆறினாலும் ருசி மாறாத கூட்டையும் ரசத்தையும் முதலில் முடித்துவிட்டு, வறுவலையும் அப்பளத்தையும் இலை போட்ட பிறகு தொடங்குங்கள்.